முற்றுப்பெறாத சிறு கப்பல்கள்



திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி வாழ்பவர்க்குக் கப்பல் ஒரு புதுமையன்று. பாலையூற்றிலே வளரும் சிறுவன், கோதுமைக் கப்பல் எது, எண்ணெய்க் கப்பல் எது, கடற்படைக் கப்பல் எது என்று சிறுவயதிலேயே பிரித்தறியக் கற்றுக்கொள்கிறான். ஆதலால் எங்கள் பகுதி வீடுகள் சிலவற்றிலே சிறு மாதிரிக் கப்பல்களைக் காண்பதிலும் வியப்பில்லை. அவற்றுள் சில, கண்ணாடிப் பேழையினுள்ளே பாய்மரமும் கொடியுமாக நிமிர்ந்து நிற்கும். வேறு சில, அலுமாரியின் மேற்றட்டிலே, மூடி கிழிந்த பெட்டிக்குள், அடிப்பாகம் மட்டும் ஒட்டப்பட்ட நிலையிலே தூசு படிந்து கிடக்கும். இன்றைய பேச்சிலே, பெட்டிக்குள் கிடக்கும் அந்த இரண்டாம் வகைக் கப்பல்களைப் பற்றியே கூற விரும்புகின்றேன். ஆர்வத்தோடு தொடங்கிய ஓய்வுநேர வேலை ஏன் இடைவழியில் நின்றுவிடுகிறது? அதனை முடிப்பதற்கு வழி யாது?

முதலில் மாதிரி உரு என்றால் என்னவென்று பார்ப்போம். மெய்ப்பொருளின் எல்லாப் பகுதிகளையும் ஒரே விகிதத்தில் சிறிதாக்கிச் செய்வதே மாதிரி உருவாகும். எழுபத்திரண்டில் ஒரு பங்கு என்னும் அளவிலே ஆறடி மனிதன் ஓர் அங்குல உயரத்தினன் ஆகிவிடுகிறான். ஏறத்தாழ 37 அடி அகலச் சிறகு கொண்ட ஸ்பிட்பயர் விமானம் உள்ளங்கைகள் இரண்டிலே அடங்கிவிடுகிறது. முன்னாளில் இத்தகைய உருக்களை மரத்தைச் செதுக்கியே செய்தனர். இங்கிலாந்தின் எயர்பிக்ஸ் நிறுவனம் 1952ஆம் ஆண்டிலே கோல்டன் ஹைன்ட் என்னும் பழைய பாய்க்கப்பலைப் பிளாஸ்டிக் துண்டுகளாக வார்த்து, இரண்டு ஷில்லிங் விலைக்குக் கடைகளில் விற்கத் தொடங்கிற்று. 1971இல் யப்பானிய நிறுவனங்கள் சில ஒன்றுகூடி, எழுநூறில் ஒரு பங்கு அளவிலே போர்க்கப்பல் வரிசை ஒன்றை வெளியிடலாயின. துண்டுகளைச் சட்டத்திலிருந்து வெட்டி எடுத்து, பசையிட்டு ஒட்டி, வர்ணம் பூசினாற் போதும். இவ்வாறு தொடங்குவது எவர்க்கும் எளிதாயிற்று. ஆயின் முடிப்பதற்கு வேண்டிய நேரம் மட்டும் மலிந்துவிடவில்லை. பெட்டியை வாங்கச் சில நிமிடங்கள் போதும். அதனுள் இருப்பதைக் கட்டி எழுப்பப் பல மாதங்கள் வேண்டும். உலகெங்கும் இக்கலையில் ஈடுபட்டோர் இல்லங்களிலே, கட்டிய உருக்களினும் திறவாத பெட்டிகளே மிகுதியாக இருப்பதற்கு இதுவே முதற்காரணம்.

வேலை எங்கு வேண்டுமானாலும் நின்றுவிடுவதில்லை. நிற்கும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. கப்பலின் இரு பக்கங்களையும் ஒட்டியதும், இடையிலே தெரியும் கோட்டை நிரப்பித் தேய்த்து மறைக்க வேண்டும். உருவிலே புதிதாக ஒன்றும் தோன்றாத இந்த வேலையிலே பலர் சோர்ந்துவிடுகின்றனர். அடுத்தது வர்ணம் பூசும் நேரம். இதுவரை நன்றாக வந்ததைக் கெடுத்துவிடுவோமோ என்ற அச்சம் கையைத் தடுக்கிறது. பாய்க்கப்பலாயின், பாய்மரத்தில் ஏறுவதற்கான கயிற்றேணிகளுக்கு நூற்றுக்கணக்கான முடிச்சுகள் இட வேண்டும். முதலாவது முடிச்சு ஒரு கலை. முந்நூறாவது முடிச்சு பொறுமையின் சோதனை.

இவற்றினும் நுண்ணிய தடை ஒன்று உண்டு. வேலை செய்யச் செய்யக் கை பழகுகிறது. அதனாலே தொடக்கத்தில் செய்த பகுதி, பின்னர் நம் கண்ணுக்கே குறையுடையதாகத் தோன்றுகிறது. உடனே அதனை ஒதுக்கிவிட்டு, இம்முறை திருந்தச் செய்வோம் என்று வேறொரு பெட்டியைத் திறக்கின்றோம். இதன் விளைவு யாது? பத்துக் கப்பல்களைத் தொடங்கியவன் அடிப்பாகம் ஒட்டுவதிலே வல்லவனாகின்றான். கயிறு கட்டுவதிலே அவன் என்றும் புதியவனே. தொடங்குவதிலே மட்டும் பயிற்சி பெற்றவனுக்கு முடிக்கும் பயிற்சி வாய்ப்பதேயில்லை. பாடசாலையிலே இதனை நாள்தோறும் காண்கின்றோம். மாணவரின் அப்பியாசக் கொப்பிகளிலே முதற் பத்துப் பக்கங்கள் முத்துமுத்தான எழுத்தோடு விளங்கும். நடுப்பக்கங்கள் குலைந்திருக்கும். இறுதிப் பக்கங்கள் வெறுமையாக இருக்கும். அடுத்த தவணையிலோ புதிய கொப்பி கேட்பார்கள். முடிப்பது தொடங்குவதன் தொடர்ச்சி மட்டுமன்று. அது தனியே கற்க வேண்டிய ஒரு தொழில்.

இதற்குப் பெரிய கப்பல்களின் வரலாற்றிலிருந்து, திருகோணமலையோடு தொடர்புடைய ஓர் எடுத்துக்காட்டைக் கூறலாம். ஹேர்மிஸ் என்னும் பிரித்தானியக் கப்பலே அது. அடி முதல் முடி வரை விமானந்தாங்கியாகவே வரையப்பட்டுக் கட்டத் தொடங்கிய முதற் கப்பல் அதுவாகும். 1918ஆம் ஆண்டு வேலை தொடங்கிற்று. 1919இல் நீரில் இறக்கினர். ஆயின் போர் முடிந்துவிட்டதால் அவசரம் குறைந்தது. வேறு கப்பல்களில் நடந்த சோதனைகளிலிருந்து புதிய செய்திகள் கிடைக்குந்தோறும் வரைபடத்தை மாற்றினர். இவ்வாறு மாற்றி மாற்றிக் கட்டியதனால் அது சேவைக்கு வந்தது 1924இலேயே. இதற்கிடையில் யப்பான் 1920இல் ஹோஷோ என்னும் கப்பலைத் தொடங்கி, 1922 டிசெம்பரில் முடித்துவிட்டது. முதலில் தொடங்கியது ஒன்று. முதலில் முற்றுப்பெற்றது மற்றொன்று. பின்னாளில், 1942 ஏப்ரல் 9ஆம் திகதி, யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கிய அதே நாளிலே, இத்துறைமுகத்தை விட்டு நீங்கிச் சென்றிருந்த ஹேர்மிஸ் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பாற் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. முந்நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இன்று அதே கப்பலைப் பத்து அங்குல நீளத்திலே கட்டுவதற்கான பெட்டியை யப்பானிய நிறுவனமொன்றே வெளியிட்டிருக்கிறது. அதனைத் திறப்பவர் ஒரு படிப்பினையையும் சேர்த்தே கொள்ளலாம். வேலையின் நடுவே வரைபடத்தைத் திருத்தும் ஒவ்வொரு முறையும் முடிவு நாள் தள்ளிப்போகிறது.

இடையில் நின்ற வேலை ஏன் மனத்தை உறுத்துகிறது என்பதையும் அறிஞர் ஆராய்ந்துள்ளனர். 1920களிலே பேர்லின் நகரில் உளவியல் பயின்ற புளூமா செய்கார்னிக் என்னும் அம்மையார், இடையில் நிறுத்தப்பட்ட வேலைகளே முடித்த வேலைகளினும் நன்கு நினைவில் நிற்கின்றன என்று 1927இல் எழுதினார். அவருடன் பயின்ற மரியா ஒவ்சியான்கினா மற்றோர் உண்மையைக் கண்டார். இடையில் தடுக்கப்பட்டவர்கள், வாய்ப்புக் கிடைத்தவுடன், எவரும் கேளாமலும் பரிசு எதுவும் இல்லாமலும் தாமாகவே அவ்வேலைக்குத் திரும்பினர். நினைவைப் பற்றிய முடிவு பிற்கால ஆய்வுகளில் ஒரே வகையாகக் கிடைக்கவில்லை. திரும்பிச் செல்லும் நாட்டம் பற்றிய முடிவோ பெரிதும் உறுதிப்பட்டது. எனவே அரைகுறைக் கப்பல் நம்மை அழைத்துக்கொண்டுதான் இருக்கிறது. அழைக்கும் பொருள்கள் பலவானால் அந்த அழைப்பே சுமையாகிவிடுகிறது. சுமையைத் தாங்காமல் அவற்றைப் பரணிலே மறைத்து வைக்கின்றோம்.

எங்கள் மாவட்டத்திலே நின்றுபோன வேலைகள் எல்லாவற்றுக்கும் சோம்பலைக் காரணமாகக் கூறுவது முறையன்று. போர்க்காலத்து இடப்பெயர்வும், 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் எத்தனையோ கைகளிலிருந்து எத்தனையோ வேலைகளைப் பறித்துவிட்டன. துறைமுகத்திலே தச்சராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், தேக்கு மரத்திலே பாய்க்கப்பல் ஒன்றைச் செதுக்கிக்கொண்டிருந்தார். 1990இல் குடும்பம் இடம்பெயர்ந்தபோது அது உறவினர் வீட்டுப் பரணுக்குச் சென்றது. குடும்பம் திரும்பிய சில காலத்தில் அவர் காலமானார். பாய்மரம் நாட்டாத, கயிறு கட்டாத அந்தக் கப்பலை மகனால் எறியவும் முடியவில்லை, முடிக்கவும் முடியவில்லை. அவர் என்னிடம் முன்னர் பயின்றவர். "ஐயா, அப்பாவின் கையிலிருந்த வேலைப்பாடு எனக்கு வராது. நான் தொட்டால் அது அவருடைய கப்பலாக இராதே" என்று அவர் ஒருநாள் கூறினார்.

அவருக்கு நான் எடுத்துரைத்தது பழைய பிரித்தானியக் கடற்படையின் வழக்கமொன்றை. பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளிலே அக்கடற்படைக்காகச் செய்யப்பட்ட மாதிரிக் கப்பல்கள் பலவற்றில் அடிப்பாகத்துக்குப் பலகை அடிப்பதில்லை. உள்ளே இருக்கும் விலாச் சட்டங்கள் தெரியும்படி வேண்டுமென்றே திறந்து விட்டார்கள். பலவற்றுக்குப் பாய்மரமும் நாட்டவில்லை. அவற்றை யாரும் குறைவேலை என்று கூறுவதில்லை. கிரீனிச் நகரத்து அரும்பொருட்சாலையிலே அவை பெருஞ்செல்வமாகப் பேணப்படுகின்றன. எங்கே நிறுத்துவது என்பதைச் செய்தவர் தாமே தீர்மானித்ததால் அவை முழுமையான பொருள்களாயின. மகன் இதனைச் சிந்தித்து, தந்தையின் கப்பலைத் துடைத்து எண்ணெய் பூசி, ஒரு மரப்பீடம் மட்டும் தம் கையாற் செய்து, பாய்மரமின்றியே அதில் அமர்த்தினார். பீடத்திலே தந்தையின் பெயரைப் பொறித்தார். அது இப்பொழுது முற்றுப்பெற்ற கப்பல்.

முடிவிடத்தைத் தீர்மானிப்பது ஒன்று, வேலையை ஒழுங்குபடுத்துவது மற்றொன்று. இரண்டாவதற்குத் தமிழ்நாட்டிலே அழகிய சான்று உண்டு. கழுகுமலையில் எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்து வெட்டுவான் கோயில், ஒரே பாறையை மேலிருந்து கீழ்நோக்கிக் குடைந்து செய்யப்பட்டதாகும். காரணம் எதுவாயினும், அதன் அடித்தளம் முற்றுப்பெறவில்லை. ஆயினும் மேலேயுள்ள விமானமும் சிற்பங்களும் நுணுக்கமாக நிறைவு பெற்றிருப்பதால், அதனைக் காணச் செல்பவர் கண்குளிரக் கண்டு மீள்கின்றனர். ஒரு பகுதியைச் செவ்வனே முடித்து அடுத்த பகுதிக்கு இறங்கினமையால், நின்றபோதும் அவ்வேலை வீணாகவில்லை.

இனி நடைமுறைக்கு வருவோம். முதலாவதாகக் கட்டும் உரு, துண்டுகள் குறைந்த சிறிய உருவாக இருக்கட்டும். பெரிய பாய்க்கப்பலிலே தொடங்குபவர் கயிறு கட்டும் கட்டத்தை எட்டுவது அரிது. தொடங்குமுன், எந்த நிலையில் இது முடிந்ததாகும் என்பதை ஒரு கடதாசியில் எழுதிப் பெட்டியினுள் ஒட்டிவிடுங்கள். இடையில் தோன்றும் புதிய எண்ணங்களை அடுத்த கப்பலுக்கென்று குறித்து வையுங்கள். மேசையில் ஒரு வேலை மட்டுமே இருக்கட்டும். அதுவும் கண்ணிற் படும் இடத்தில் இருக்கட்டும். அன்றாடம் எழும்போது, மறுநாள் செய்ய வேண்டிய துண்டை எடுத்து அருகில் வைத்துவிட்டு எழுங்கள். எங்கே தொடங்குவதென்று தேட வேண்டியிராத வேலைக்கு மனம் எளிதில் திரும்பும். முந்நூறு முடிச்சுகளை நாளுக்குப் பத்தாக வகுத்தால் ஒரு மாதத்தில் முடிந்துவிடும். முன்னர் செய்த பகுதியிற் குறை தெரிந்தால், அதனை அப்படியே விட்டு மேலே செல்லுங்கள். அந்தக் குறை, உங்கள் கை வளர்ந்ததற்கான அடையாளம்.

பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளையின் கையிலிருக்கும் வேலை முடியுமுன் புதிய பெட்டியை வாங்கிக் கொடாதீர்கள். கோணலாக முடித்த கப்பலையும் எல்லாரும் காணும் இடத்திலே வையுங்கள். ஒன்றை இறுதிவரை கொண்டுசென்ற நினைவு இல்லாத பிள்ளைக்கு, பரீட்சையிலும் தொழிலிலும் இறுதிக் கட்டம் அந்நிய நாடாகவே தோன்றும். சிறு கப்பல் ஒன்றை முடித்தவனுக்கு அந்த வழி ஒருமுறையேனும் பழக்கமாகியிருக்கும்.

நேயர்களே, உங்கள் அலுமாரியின் மேலும் அத்தகைய பெட்டி ஒன்று இருக்கக்கூடும். அதனை இறக்கிப் பாருங்கள். முடிக்க வேண்டுமென்றால் அடுத்த துண்டை இன்றே எடுத்து வெளியே வையுங்கள். இருக்கும் நிலையே போதுமென்றால் பீடமொன்று செய்து அமர்த்துங்கள். இனி உங்கள் கை அதனைத் தொடாது என்று தெரிந்தால், அயலிலுள்ள ஒரு பிள்ளைக்கோ பாடசாலைக்கோ மனமுவந்து கொடுத்துவிடுங்கள். இம்மூன்றில் எதனைச் செய்தாலும் உங்கள் மனத்திலிருந்து ஒரு சுமை இறங்கும்.