கதவோரத்து ரப்பர்

மழைக்காலத்தில் மோட்டார் வண்டியில் செல்வோர், கண்ணாடியில் வழியும் நீரைக் கண்டு மகிழ்வதுண்டு. அந்நீர் ஏன் உள்ளே வரவில்லை என்று எண்ணுவோர் சிலரே. கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே விரற்பருமனுள்ள ரப்பர்ப் பட்டை ஒன்று ஓடுகிறது. பட்டறைகளில் அதனைப் 'பீடிங்' என்பார்கள். அது நலமாக இருக்கும்வரை யாரும் அதனைத் திரும்பிப் பார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை, அதற்குரிய தண்டத்தைப் பின்னர் இறுத்தேன்.

குமரி மாவட்டத்தில் குலசேகரத்தை அடுத்த சிற்றூர் எங்களுடையது. சுற்றிலும் ரப்பர்த் தோட்டங்கள். என் தந்தையார் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரே பிக்கப் வண்டியில் ரப்பர் ஷீட்டுகளை ஏற்றிச் சந்தைக்குக் கொண்டு சென்று வருகிறார். சில ஆண்டுகளுக்கு முன், இடவப்பாதி என்று நாங்கள் வழங்கும் தென்மேற்குப் பருவமழையின்போது, ஓட்டுநரின் காலடியில் நீர் தேங்கத் தொடங்கியது. விரிப்பை நீக்கிப் பார்த்தேன். ஆக்சிலேட்டருக்குக் கீழே தகடு துருவேறிச் சல்லடையாகி, அதனூடே சாலை தெரிந்தது! தந்தையார் நாள்தோறும் கால் வைக்கும் இடம் அது. "இனி இதை எடைக்குப் போட்டுவிட வேண்டியதுதான்" என்றார் அவர். சொல்லிவிட்டுக் கதவின்மேல் கையை வைத்தபடி சற்று நேரம் நின்றார்.

வண்டியைக் காப்பாற்றிவிடலாம் என்று நான் முனைந்தேன். கதவின் அடி விளிம்பில் சிறு துளைகள் இரண்டு இருந்தன. நீர் புகும் வழி இதுவே என்று துணிந்து, அவற்றைப் பசையிட்டு அடைத்தேன். நான் கற்ற கல்வி அவ்வளவுக்கே பயன்பட்டது. பத்து நாள் கழித்துக் கதவைத் திறந்தால், குடத்தில் நீர் அலைவதுபோல் உள்ளே ஓசை கேட்டது. பட்டறை மேஸ்திரியிடம் கொண்டுபோனேன். அவர் சிரிக்காமல் சொன்னார்: "சார், கதவுக்குள்ளே தண்ணீர் போகாமல் தடுக்க யாராலும் முடியாது. போன தண்ணீர் வெளியே வரத்தான் அந்த ஓட்டை."

உண்மை அதுவே. கண்ணாடி ஏறி இறங்கும் பிளவின் ஓரத்தில் ஒரு பட்டை உண்டு. அது கண்ணாடியில் வழியும் நீரைத் துடைத்து விடும், முழுவதும் தடுக்காது. எஞ்சிய நீர் கதவின் உட்புறமாக இறங்கி, அடித்துளைகளின் வழியே ஒழுகிப் போகும். துளை அடைபட்டால் கதவே தொட்டியாகித் துரு அடியிலிருந்து ஏறும். ஆனால் கதவைச் சுற்றியுள்ள பீடிங்கின் கடமை வேறு. இருக்கைப் பக்கம் நீர் வாராமல் காப்பது அதுதான். எங்கள் வண்டியில் அது செத்துப்போயிருந்தது.

ரப்பர் எப்படிச் சாகும்? மரத்துப் பாலில் கிடைக்கும் ரப்பர், பதப்படுத்தாவிட்டால் வெயிலில் இளகும், குளிரில் விறைக்கும். அதனைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் இக்குறை நீங்கும் என்பதை அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் 1839-ஆம் ஆண்டில் கண்டார்; 1844-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். நூலிழை போன்ற நீண்ட மூலக்கூறுகளைக் கந்தகம் ஆங்காங்கே முடிச்சிட்டு இணைக்கிறது. அழுத்தினால் இழைகள் நெகிழும். விட்டவுடன் முடிச்சுகள் அவற்றைப் பழைய இடத்துக்கு இழுக்கும். பீடிங் நீரைத் தடுப்பது இடைவெளியை நிரப்புவதனால் மட்டும் அன்று. அமுங்கிய நிலையில் கதவை ஓயாமல் எதிர்த்துத் தள்ளுவதனால்தான். ஆண்டுக்கணக்கான வெப்பத்தில் பழைய முடிச்சுகள் சில அறுகின்றன. அமுங்கிய வடிவத்திலேயே புதிய முடிச்சுகள் விழுகின்றன. பிறகு கதவைத் திறந்தாலும் பட்டை தட்டையாகவே கிடக்கும்.

மற்றொரு பகைவன் ஓசோன். காற்றில் பத்துக் கோடியில் சில பங்கு இருந்தாலே போதும். இழுபட்டு நிற்கும் ரப்பரின் இரட்டைப் பிணைப்புகளைத் தாக்கி அறுத்துவிடும். அவ்வெடிப்புகள் இழுவைக்குக் குறுக்காகவே ஓடும். பழைய பட்டை ஒன்றை வளைத்துப் பார்த்தால் இதனைக் கண்ணாரக் காணலாம். 1960-களில் வழக்குக்கு வந்த இ.பி.டி.எம். என்னும் செயற்கை ரப்பரின் முதன்மைச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்பு இல்லை. ஆதலின் ஓசோனுக்கு அங்கே பிடி கிடைப்பதில்லை. இன்றைய கதவுப் பீடிங்குகள் பெரும்பாலும் அதனால் ஆனவையே. வாழ்நாளெல்லாம் ரப்பர் சுமந்த வண்டிக்கு நம் தோட்டத்து ரப்பர் ஆகாதா என்று தந்தையார் கேட்டார். டயருக்கு அதுதானே வேண்டும் என்று சமாதானம் சொன்னேன்.

தரைத்தகட்டை வெட்டி ஒட்டும் வேலை இரண்டு நாளில் முடிந்தது. பீடிங் மாட்டுவதில்தான் பொறுமை வேண்டியிருந்தது. பழைய பசையை முற்றும் சுரண்டி, துரு கண்ட இடத்தில் வண்ணம் பூசி உலரவிட்டோம். புதுப் பட்டையை இழுத்து ஒட்டுவது பெரும் பிழை. அது சில நாளில் சுருங்கி, சேரும் இடத்தில் வாய் பிளக்கும். மூலைகளில் சிறிது தளர்வு கொடுத்து, நீளத்தைச் சற்று மிகுதியாக வெட்டி, இணைப்பைக் கதவின் அடிப்பக்கத்தில் வைக்கவேண்டும். வழுக்குவதற்குக் கிரீஸ் தடவலாமா என்று நான் கேட்டபோது மேஸ்திரி தடுத்தார். பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதிக் கெடும். சோப்பு நீரே போதும். முன்கண்ணாடிக்கு அவர் செய்த வித்தை இன்னும் அழகு. பட்டையின் வெளிக்காடியில் ஒரு கயிற்றைச் சுற்றிவைத்து, கண்ணாடியை வெளியிலிருந்து ஒருவர் அழுத்த, உள்ளிருந்து கயிற்றை மெல்ல உருவினார். ரப்பரின் உதடு தகட்டு விளிம்பைத் தாண்டி வரிசையாக உள்ளே வந்து அமர்ந்தது.

சோதனைக்கு ஒரு தாள் போதும். தாளைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி இழுத்தால் இறுக்கம் தெரியவேண்டும். எளிதில் உருவி வந்தால் அந்த இடம் நீருக்கு வழி. நாங்கள் கைச்சாணுக்கு ஒருமுறை இழுத்துப் பார்த்தோம். முதல் சில வாரங்களுக்குக் கதவு எளிதில் சாத்தவில்லை. தந்தையார் தோளால் இடித்துச் சாத்திக்கொண்டு, "பழைய கதவே தேவலை" என்று முணுமுணுத்தார். அடுத்த மழையில் காலடி உலர்ந்திருந்தது. இடப்பக்கக் கதவின் மேல்மூலையில் மட்டும் இரண்டு சொட்டு விழுகிறது. கீல் சற்றுத் தாழ்ந்துவிட்டதாம். அதனை ஓணம் கழிந்து பார்க்கலாம் என்றார் மேஸ்திரி.