படிமுறை மோட்டரும் நுண்கட்டுப்படுத்தியும்: மின்வழங்கல் பற்றிய ஒரு விளக்கம்

ஆய்வுகூடக் கருவிகளை விலைகொடுத்து வாங்க இயலாதவிடத்து அவற்றை நாமே ஆக்கிக்கொள்ளலாம் என்னும் நம்பிக்கை அண்மைக் காலத்தில் வலுப்பெற்றுள்ளது. இதற்குத் தக்க ஆதாரங்களும் உண்டு. 2005ஆம் ஆண்டு இத்தாலியின் இவ்ரேயா நகரில் தோன்றிய ஆர்டுயினோ என்னும் நுண்கட்டுப்படுத்திப் பலகையின் வரைபடங்கள் எவரும் எடுத்தாளத்தக்கவாறு வெளியிடப்பட்டன. 2014இல் மிச்சிகன் தொழினுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர், படிமுறை மோட்டரால் இயங்கும் சிறிஞ்சுப் பம்பியின் அமைப்பை முழுமையாக வெளியிட்டனர். ஆயினும், வரைபடம் கைக்கு எட்டியதனால் மட்டும் அறிவு எட்டிவிடுவதில்லை. வரைபடத்திற் கண்டவாறே கம்பிகளைத் தொடுத்தபின்னரும் மோட்டர் நடுங்கி நிற்பதையும், இயக்கி கருகுவதையும் காண்கிறோம். இவற்றுக்கான காரணம் பெரும்பாலும் நிரலில் அன்று, மின்வழங்கலிலேயே உள்ளது. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. மோட்டரின் இயல்பு

சாதாரண நேரோட்ட மோட்டருக்கு மின்னை வழங்கின் அது தொடர்ந்து சுழலும். படிமுறை மோட்டரோ அவ்வாறன்று. அதன் சுருள்களில் ஓட்டம் ஓர் ஒழுங்கில் மாறுந்தோறும் சுழலி ஒரு படி மட்டும் நகர்ந்து நிற்கும். பரவலாகக் கிடைக்கும் வகையில் ஒரு படி 1.8 பாகை, எனவே ஒரு முழுச் சுற்றுக்கு 200 படிகள். நிற்கும்போதும் சுருள்களில் ஓட்டம் பாய்ந்துகொண்டேயிருக்கும். அவ்வோட்டமே சுழலியை நிலையிற் பிடித்துவைக்கிறது. ஆகவே, அசையாது நிற்கும் மோட்டர் சூடேறுவது கண்டு வியப்பதற்கில்லை.

2. கட்டளையும் வலுவும்

ஆர்டுயினோ ஊனோ பலகையிலுள்ள அற்மெகா 328பி நுண்கட்டுப்படுத்தியின் ஒரு முனை தாங்கக்கூடிய உச்ச ஓட்டம் 40 மில்லிஅம்பியர் ஆகும். நாம் எடுத்துக்கொள்ளும் மோட்டரின் சுருளொன்று 1.7 அம்பியர் வேண்டுவதெனக் கொள்வோம். இது முன்னையதின் நாற்பது மடங்குக்கும் மேற்பட்டது. எனவே மோட்டரை நேரடியாக முனையுடன் தொடுத்தல் ஆகாது. நுண்கட்டுப்படுத்தி கட்டளையை மட்டுமே தரும். வலுவை வேறொரு மின்வழங்கி தரவேண்டும். இவ்விரண்டுக்கும் இடைநின்று, கட்டளைக்கேற்ப வலுவைச் சுருள்களுக்குப் பகிர்வதே இயக்கியின் தொழில். இங்கு ஏ4988 என்னும் இயக்கியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

3. அழுத்தமும் ஓட்டமும்

மேற்குறித்த மோட்டரின் சுருளுக்கு 1.5 ஓம் தடை எனின், ஓமின் விதிப்படி 1.7 அம்பியருக்கு வேண்டியது ஏறத்தாழ 2.6 உவோற்று. ஆனால் நாம் வழங்குவதோ 12 உவோற்று. நேரடியாகத் தொடுப்பின் 8 அம்பியர் பாய்ந்து சுருள் எரிந்துபோகும். அவ்வாறாயின் குறைந்த அழுத்தத்தையே வழங்கினாலென்ன?

சுருளின் தூண்டற்றிறன் ஓட்டத்தின் எழுச்சியை எதிர்ப்பது. மோட்டர் விரைந்து சுழலும்போது ஒவ்வொரு படிக்கும் கிடைக்கும் நேரம் மிகக் குறுகியது. அந்நேரத்துள் ஓட்டம் எழவேண்டுமாயின் உயர்ந்த அழுத்தம் தேவை. இயக்கி அவ்வுயர்ந்த அழுத்தத்தைப் பிரயோகித்து, ஓட்டம் குறித்த எல்லையை எட்டியதும் துண்டித்து, மீண்டும் இணைக்கிறது. இத்துண்டித்தலாலேயே சுருள் காக்கப்படுகிறது.

அவ்வெல்லையை நிர்ணயிப்பது நமது பொறுப்பு. இயக்கிப் பலகையிலுள்ள சிறு திருகாணியைத் திருப்பி, அதற்கும் புவிக்கும் இடையிலான அழுத்தத்தை அளத்தல் வேண்டும். அவ்வழுத்தத்தை, உணர்தடையின் எட்டு மடங்கால் வகுக்க ஓட்ட எல்லை கிடைக்கும். உணர்தடை 0.1 ஓம் எனின் 0.8 உவோற்று 1 அம்பியரைக் குறிக்கும், 0.05 ஓம் எனின் அதே 0.8 உவோற்று 2 அம்பியரைக் குறிக்கும். தோற்றத்தில் ஒன்றுபோலவுள்ள பலகைகளில் இவ்விரு தடைகளும் வழக்கிலுள்ளன. தடையைப் பாராது பிறர் கூறிய எண்ணை அவ்வாறே பின்பற்றுவோர் இயக்கியை இழப்பது இதனாலேயாம்.

மின்வழங்கியின் ஓட்டத்தை அளந்து சுருளின் ஓட்டத்தை அறியலாம் என்பதும் தவறாகும். இரு சுருள்களிலும் 1 அம்பியர் வீதம் பாயின் அவற்றிற் செலவாகும் வலு 3 உவாற்று. 12 உவோற்று வழங்கியிலிருந்து இதற்குப் பெறவேண்டியது கால் அம்பியரே. இயக்கியின் இழப்பும் பொறிமுறை வேலையும் அதனோடு சேரும்.

4. தொடுக்கும் முறை

நான்கு கம்பிகளுள் எவ்விரண்டு ஒரே சுருளுக்குரியன என்பதை அறிய மானி இன்றியமையாததன்று. இரு கம்பிகளின் முனைகளை ஒன்றுசேர்த்து அச்சைக் கையால் திருப்புக. திருப்புதல் கடினமாயின் அவை ஒரு சுருளுக்குரியன.

நுண்கட்டுப்படுத்தியின் புவியும் மோட்டர் மின்வழங்கியின் புவியும் இணைக்கப்படவேண்டும். கட்டளைத் துடிப்பென்பது புவி சார்ந்த அழுத்தமாதலின், பொதுப்புவி இல்லையேல் அத்துடிப்புக்குப் பொருளில்லை. இரு வழங்கல்களின் நேர்முனைகளை இணைத்தல் ஆகாது. இயக்கியின் மோட்டர் வழங்கல் முனைகளுக்கு மிக அண்மையில் 100 மைக்ரோபரட்டுக் கொள்ளளவி ஒன்றை முனைவறிந்து இடுக. அஃதின்றேல் மின்னைக் கொடுக்கும் கணத்தில் எழும் அழுத்த உச்சம், 12 உவோற்று வழங்கலிலும், இயக்கியின் 35 உவோற்று எல்லையைத் தாண்டக்கூடும். மின் பாயும்போது மோட்டரின் கம்பியைக் கழற்றலாகாது. துண்டிக்கப்படும் சுருள் எழுப்பும் அழுத்தம் இயக்கியை அழிக்கும்.

5. தவறும் படிகள்

கருகிய இயக்கி தன் குறையைத் தானே காட்டிவிடும். காட்டாத குறையே ஆய்வாளருக்குக் கேடானது. ஓட்டம் போதாதவிடத்தும், தொடக்கத்திலேயே அதிவேகம் கொடுத்தவிடத்தும் சுழலி கட்டளையைப் பின்பற்றாது வழுவும். நுண்கட்டுப்படுத்தி அதனை அறியாது; தான் அனுப்பிய துடிப்புக்களையே எண்ணிக்கொண்டிருக்கும்.

சிறிஞ்சுப் பம்பி ஒன்றை நோக்குவோம். அதன் திருகின் புரியிடைத் தூரம் 1.25 மில்லிமீற்றர் ஆகுக. ஒரு தடவை வழுவின் நான்கு படிகள், அதாவது 0.025 மில்லிமீற்றர், இழக்கப்படும். உட்பரப்பு 2 சதுர சென்ரிமீற்றராகவுள்ள சிறிஞ்சில் 100 தடவை வழுவின் அரை மில்லிலீற்றர் குறையும். ஆயினும் திரையில் தோன்றும் எண் மாறாது. அவ்வெண்ணை நம்பி எழுதப்படும் ஆய்வு முடிபு பொய்யாகும். அது நோயாளிக்குரிய மருந்தாயின் விளைவு அதனினும் கொடிது.

எனவே வேகத்தைப் படிப்படியாகக் கூட்டுதலும், தொடக்க நிலையிற் பொருத்திய ஆளிக்கு அடிக்கடி மீண்டு எண்ணிக்கையைச் சரிபார்த்தலும், வெளியேறிய நீரைத் தராசில் நிறுத்துப் பார்த்தலும் கருவியாக்கத்தின் பகுதிகளே என்க. கருவிகள் சிலரது உடைமையாயிருந்த நிலை மாறிவருவது வரவேற்கத்தக்கது. ஆனால் பிறர் வரைபடத்தைப் பார்த்துக் கம்பி தொடுப்பதோடு நாம் நின்றுவிடுவோமாயின், விலைகொடுத்து வாங்கிய பெட்டிக்குப் பதிலாக நாமே செய்த, நமக்கே விளங்காத பெட்டியொன்றைப் பெற்றவராவோம். தன் கருவி எங்கே, எதனால் பிழைக்கும் என்று கூறவல்லவனே அதனை ஆக்கியவன் எனப்படுதற்கு உரியவன்.