கண்ணகியும் பத்தினி தெய்யோவும்: ஒரு தெய்வம், இரு சமயங்கள்

சிலப்பதிகாரத்தைக் கற்பிக்கும் நம்மிடம் மாணவர் கேட்கும் வினாக்களுள் ஒன்று, கண்ணகி இன்றும் எங்கேனும் தெய்வமாக வழிபடப்பெறுகின்றாளா என்பதாகும். இலங்கையில் சைவத் தமிழரும் சிங்களப் பௌத்தரும் அவளை வழிபடுகின்றனர் என்றும், அவ்வழிபாட்டைக் கயவாகு மன்னன் கொண்டுசென்றான் என்றும் விடை கூறி அமைகின்றோம். இவ்விடையின் முற்பகுதியில் ஐயமில்லை, பிற்பகுதியே ஆராய்தற்குரியது.

கயவாகு பற்றிய செய்தி காப்பியத்தில் ஈரிடங்களில் வருகின்றது. செங்குட்டுவன் பத்தினிக்கு எடுத்த விழாவில் அவன் கலந்துகொண்டமையை வரந்தரு காதை கூறும். அவன் தன் நாட்டில் பலிபீடம் அமைத்து ஆடித்திங்களில் விழா எடுக்க, மழை பெய்து வளம் பெருகியது என்பது உரைபெறு கட்டுரையின் செய்தி. இவனை இரண்டாம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் கயவாகுவாகக் கொண்டே கனகசபைப் பிள்ளை முதலியோர் சங்க காலத்தைக் கணித்தனர். ஆயின், அம்மன்னனின் பௌத்தப் பணிகளைக் குறிக்கும் மகாவம்சம், பத்தினி வழிபாடு பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. இம்மௌனத்தை எளிதிற் புறக்கணித்தல் இயலாது. பத்தினி வழிபாடு குறித்து 1984இல் விரிவான நூல் வெளியிட்ட மானிடவியலறிஞர் கணநாத் ஒபயசேகர, கயவாகு செய்தியை வரலாறாகக் கொள்ளாது தொன்மமாகவே கொண்டார். தென்னிந்தியாவிலிருந்து குடிபெயர்ந்தோரே இவ்வழிபாட்டைக் கொணர்ந்தனர் என்பது அவர் முடிபு.

கதையை நோக்கினும் இம்முடிபே வலுப்பெறுகின்றது. நோய் நீங்கவும் விளைவு பெருகவும் சிங்கள ஊர்களில் நிகழ்த்தப்பெறும் ‘கம்மடுவ’ என்னும் சடங்கில் பத்தினியின் வரலாறு பாடலாகப் பாடப்படுகின்றது. அதில் அவள் பாண்டியனின் சோலையில் மாங்கனியிலிருந்து பிறக்கின்றாள். கோவலன் அங்குப் பாலங்க எனப்படுகின்றான். அவனோடு மணம் நிகழ்ந்தும் அவள் கன்னியாகவே வாழ்கின்றாள். கொலையுண்ட கணவனை அவள் உயிர்ப்பித்து எழுப்புவது நாடகமாகவே நடிக்கப்பெறும். இவை இளங்கோவடிகள் காட்டும் கண்ணகியிடம் காணப்படாதவை. சிலம்பும், எரியுண்ட மதுரையும், திருகி எறிந்த கொங்கையும் மட்டும் இரண்டிற்கும் பொதுவாக நிற்கின்றன.

இவ்வேறுபாட்டைத் தமிழ் மரபு, சிங்கள மரபு எனப் பிரித்துவிடலாமோ எனின், அதுவும் பொருந்தாது. மட்டக்களப்புப் பகுதிக் கோயில்களில் வைகாசித் திங்களிற் படிக்கப்பெறும் ‘கண்ணகி வழக்குரை’ என்னும் தமிழ் நூலிலும் அம்மன் மாங்கனியிலிருந்தே பிறக்கின்றாள். தமிழகத்துக் கோவலன் கதையிலும் அவள் பாண்டியன் மகளாகப் பிறந்து பேழையில் விடப்படுகின்றாள். விளையாட்டுச் சடங்குகளும் இவ்வாறே ஒத்துள்ளன. சிங்களர் ‘அங்கெளிய’ என வழங்கும் கொம்பிழுப்பையே கிழக்கிலங்கைத் தமிழர் கொம்புமுறி என்பர். ஊரார் கோவலன் கட்சி, கண்ணகி கட்சி எனப் பிரிந்து கொம்புகளைப் பிணைத்து இழுப்பர். எனவே காப்பியம் கடல் கடந்து திரிந்தது என்பதினும், காப்பியத்தோடு உடன்பிறந்த வாய்மொழிக் கதையொன்று இருமொழியினரிடையேயும் வாழ்ந்து வந்தது என்பதே பொருத்தமாகத் தோன்றுகின்றது.

கதை ஒன்றாயினும் சமயம் அவளுக்கு அளிக்கும் இடம் வேறு. சைவரிடத்து அவள் அம்மன். வெம்மை தணியாத தாய். அதனாலேயே திருக்குளிர்த்திச் சடங்கு அவளுக்குரியதாயிற்று. பௌத்தரிடத்து அவள் புத்தரின் ஆணைக்கு உட்பட்டு, அடியார் அளிக்கும் புண்ணியத்தை ஏற்று, அதற்கீடாகக் காவல் புரியும் தெய்வம். அவளும் புத்தநிலையை நாடுபவளே. பெண்பிறவியில் அது கைகூடாது என்பது தேரவாதக் கொள்கையாதலின், பின்னொரு பிறவியில் ஆணாகப் பிறந்து அதனை எய்துவாள் என நம்புகின்றனர். கண்டிப் பெரகராவில் தந்ததாதுவைத் தொடர்ந்து நாத, விஷ்ணு, கதிர்காமக் கடவுளர்க்குப் பின் அவள் ஊர்வலம் வருவதும் இப்படிநிலையையே காட்டுகின்றது. தெய்வங்களுக்கே உரியதாயிருந்த அவ்விழாவில் தந்ததாது முதலிடம் பெற்றது கீர்த்தி சிறீ இராசசிங்கன் (1747–1782) காலத்திலாகும். விழா நிகழும் ‘எசல’ மாதம் நம் ஆடியை ஒட்டியது என்பதை, உரைபெறு கட்டுரையைக் கற்போர் கருத்திற் கொள்ளலாம்.

பௌத்தம் அவளைத் தன்னுள் ஏற்றுப் படிநிலையில் வைத்தது. யாழ்ப்பாணத்துச் சைவ மறுமலர்ச்சியோ வேறு வழியிற் சென்றது. ஆறுமுக நாவலர் (1822–1879) கண்ணகியைச் சமண வணிககுலப் பெண் எனக் கருதி அவ்வழிபாட்டைக் கண்டித்தார். ஆகம நெறி பரவப் பரவ, அங்கிருந்த கண்ணகி கோயில்கள் பல இராசராசேசுவரி, புவனேசுவரி முதலிய பெயர்களைப் பெற்றன. இதனை நாம் ஓர் இழப்பாகவே கருதுகின்றோம். முல்லைத்தீவு வற்றாப்பளையிலும் மட்டக்களப்பின் ஊர்களிலும் கண்ணகி என்னும் பெயர் நிலைத்தது. கொழும்பை அடுத்த நவகமுவையில் அவளை வழிபடும் பௌத்தர், இன்றும் பத்தினி என்றே அவளை அழைக்கின்றனர்.