தெருவும் வடிகாலும்

கல்வராயன் மலையில் பெய்யும் மழையின் ஒரு பகுதி, கோமுகி ஆறாகக் கள்ளக்குறிச்சிச் சமவெளிக்கு இறங்குகிறது. 2019-இல் மாவட்டத் தலைநகரான இந்நகரைப் போன்று வளர்ந்துவரும் ஊர்களில், தெருவைப் புதுப்பிக்கும்போது முதலில் வடிகாலையும் பின்னர்ச் சாலைத்தளத்தையும் அமைப்பதே முறையாகும். வடிகாலுக்கு ஒதுக்கிய நிதியைத் தளத்திற்குச் செலவிட்டால் தெரு பொலிவு பெறும். ஆனால், வடிய வழியற்ற மழைநீர் அத்தளத்தையே அரித்துவிடும். பிறகு, வடிகாலுக்காக அதே தெருவைத் தோண்ட நேர்வதால் செலவு பெருகும்.

நீருக்கான நிதி நீருக்கே சென்றதா என்பதைக் கணக்கே காட்டும். ஏரி வாரியம் முதலியவற்றைக் குறிப்பிடும் கி.பி. 10-ஆம் நூற்றாண்டின் உத்திரமேரூர்க் கல்வெட்டு, வாரியப் பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் உறுப்பினராக இயலாது என விதிக்கிறது. மழைநீர் செல்லும் வழியைக் காப்பது, பொதுப்பணம் செல்லும் வழியைக் காப்பதிலேயே தொடங்குகிறது.