செங்காந்தளும் வள்ளிக்கிழங்கும்

சித்திரையில் சிறுமலைக்குப் போனால் நிறைய காட்டுப்பூ பார்க்கலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். வெளிநாட்டு வசந்தகாலப் படங்களைப் பார்த்து வந்த ஆசை. நம்ம ஊர்க் கணக்கே வேற. அங்கே பனி உருகியதும் காட்டுத்தரை பூக்கிறது. இங்கே கிழங்குச் செடிகளை எழுப்புவது மழைதான். திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள கரடுகளில் கோடை முழுக்க அவை மண்ணுக்குள் தூங்கும்.

மழை விழுந்தபின் வேலியிலும் புதரிலும் ஏறிப் பூப்பது செங்காந்தள். ஆறு இதழும் மேல்நோக்கி வளைந்து, மஞ்சளிலிருந்து சிவப்புக்கு மாறும். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் பூக்களில் முதலில் வருவது இதுதான். நம் மாநில மலரும் இதுவே. ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கம் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் விதைக்காகப் பயிரிடுகிறார்கள். அதிலுள்ள கோல்கிசின், யூரிக் அமிலத்தால் வரும் மூட்டுவலிக்கு மருந்து.

அதே கோல்கிசின் கிழங்கிலும் இருக்கு. சிக்கல் அங்கேதான்.

சிறுமலையிலும் பழனிமலையிலும் பளியர்கள் வள்ளி, நூறை போன்ற காட்டுக்கிழங்குகளைத் தோண்டி உண்டு வந்தவர்கள். கொடியைப் பார்த்தாலே அவங்களுக்குத் தெரியும். அரைகுறையாகக் கேட்டுவிட்டுத் தோண்டும் நம்மைப் போன்ற ஆட்களுக்குத்தான் ஆபத்து. சில காட்டுக்கிழங்குகளின் நஞ்சு, நறுக்கி ஓடும் நீரில் ஊறப்போட்டு அவித்தால் போகும். அதைக் கேட்டு எல்லாக் கிழங்குக்கும் அப்படித்தான் என்று நினைத்துவிடக் கூடாது. கோல்கிசின் கொதிக்க வைத்தாலும் அழியாது. உண்ணும் கிழங்கென்று நினைத்து இதைச் சாப்பிட்டவர்களைப் பற்றி இலங்கை மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

எப்படிப் பிரித்தறிவது? வள்ளிக்கொடியின் தண்டே சுற்றிக்கொண்டு ஏறும். இலையில் நரம்புகள் காம்படியிலிருந்து வளைந்து நுனிக்குப் போகும். செங்காந்தளுக்கு இலையின் நுனிதான் சுருண்டு பற்றுக்கம்பியாகும். கிழங்கு கலப்பை மாதிரி கவைபட்டிருக்கும், அதனால்தான் கலப்பைக்கிழங்கு என்ற பேரும். ஆனால் கவை ஒடிந்து ஒரு துண்டு மட்டும் கையில் வந்தால், நீளமான சாதாரணக் கிழங்கு போலத்தான் தெரியும். கொடி காய்ந்து உதிர்ந்த மாதங்களில் பூவும் இல்லை, இலையும் இல்லை. அப்போது கிழங்கை மட்டும் வைத்து முடிவு செய்யவே வேண்டாம்.

தவறிச் சாப்பிட்டவருக்கு சில மணி நேரம் கழித்துத்தான் வாந்தியும் பேதியும் தொடங்கும். அது நின்றுவிட்டால் சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. அடுத்த நாட்களில் உள்ளுறுப்புகள் பாதிக்கப்படலாம். வாந்தி வரும்வரை காத்திருக்காமல், மிச்சமிருக்கும் கிழங்குத் துண்டையும் எடுத்துக்கொண்டு உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடணும்.