எழுத்து மாறினால் விற்பனை மாறும்

தோட்டத்துக் கடைக்குச் சீட்டெழுதிப் பிள்ளையை அனுப்பிய காலம் உங்களுக்கு நினைவிருக்கும். சீட்டில் பொருளின் பெயரைப் பிழையாக எழுதியிருந்தாலும் பாதகமில்லை. கடைக்காரர் நம் வீட்டை அறிந்தவர். இன்னதுதான் கேட்டிருப்பார்கள் என்று ஊகித்துக் கட்டிக் கொடுத்துவிடுவார். இன்று அந்தச் சீட்டின் இடத்தில் கைத்தொலைபேசித் தேடல் வந்துவிட்டது. இங்கே ஓர் எழுத்துப் பிழை வியாபாரத்தையே கெடுக்கக்கூடும். அது எப்படி என்று பார்ப்போம்.

சிம்பாங் பூலாயில் ஒரு தாயார் வீட்டில் முறுக்கு சுட்டு விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மகன் அதைப் படம் பிடித்து, ஷோப்பி போன்ற இணையச் சந்தையில் ஏற்றுகிறான். ரோமன் எழுத்தில் பெயர் எழுதும்போது ஒரே ஒரு 'கே' போடுகிறான். கோலாலம்பூரில் ஒருவர் இரண்டு 'கே' போட்டுத் தேடுகிறார். அப்படி எழுதிய மற்றக் கடைகள் முன்னே வந்து நிற்கின்றன. இந்த அம்மாவின் முறுக்கு பின்னே தள்ளப்படலாம், கண்ணில் படாமலே போகலாம். சரக்கிலும் குறையில்லை, விலையிலும் குறையில்லை. ஓர் எழுத்துத்தான் குறை.

இது வெறும் கற்பனை அன்று. அமெரிக்காவின் ஈபே ஏலச் சந்தையில் நடந்ததை 2004 ஆம் ஆண்டில் நியூயார்க் டைம்ஸ் நாளேடு எழுதியது. பெயரைப் பிழையாக எழுதியவர்களின் பொருளை ஏலம் கேட்க ஆள் வரவில்லை. சிலர் அந்தப் பிழைகளையே தேடிப் பிடித்து மலிவாக வாங்கினர். பெயரைத் திருத்தி, மறுபடி நல்ல விலைக்கு விற்றனர்.

இயந்திரம் பிழையைத் திருத்தாதா என்று கேட்கலாம். ஓரளவு திருத்தும். 1964 இல் டாமெராவ் என்னும் அறிஞர் ஆராய்ந்தபோது, எழுத்துப் பிழைகளில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் நான்கே வகையில் அடங்கின. ஓர் எழுத்து விடுபடுவது, ஓர் எழுத்து கூடுவது, ஓர் எழுத்து வேறாவது, அடுத்தடுத்த இரண்டு எழுத்துகள் இடம் மாறுவது ஆகியவையே அவை. இந்த அறிவைக் கொண்டும், பலர் தேடிய சொற்களைப் பார்த்தும் இயந்திரம் சரியான சொல்லை ஊகிக்கிறது. ஆகவே பலரும் தேடும் பெயர் எளிதில் திருந்தும். சிலரே தேடும் பெயர் திருந்தாமல் நின்றுவிடும்.

நம் பண்டங்களுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. பிழையே இல்லாமல் ஒரே பெயரைப் பல விதமாக எழுதுகிறோம். 1972 இல் மலாய் எழுத்துமுறை சீர்திருத்தப்பட்டபோது, 'சி'யை அடுத்து வந்த 'எச்' நீங்கியது. அதனால் சப்பாத்தியை மலாய் முறையில் 'எச்' இல்லாமலும், ஆங்கில முறையில் 'எச்' சேர்த்தும் எழுதுகிறார்கள். தோசைக்கும் இப்படியே இரண்டு மூன்று எழுத்துமுறைகள் உண்டு. இடியாப்பத்தையோ இந்நாட்டில் பலர் புட்டு மாயம் என்கிறார்கள். இவ்விரண்டு பெயர்களுக்கும் எழுத்தில் ஒற்றுமையே இல்லை. எழுத்தை மட்டும் ஒப்பிடும் இயந்திரம் இரண்டும் ஒன்றென்று எப்படி அறியும்?

பெரிய கடைகள், மக்கள் எதைத் தேடி வெறுங்கையோடு திரும்பினார்கள் என்று கணக்கெடுத்து, அந்தப் பெயர்களையும் பொருளோடு இணைத்து வைக்கின்றன. சிறு வியாபாரிக்கு அந்த வசதி இல்லை. ஆனால் செலவில்லாத வழி ஒன்று உண்டு. பெரும்பாலோர் எழுதும் பெயரைத் தலைப்பில் வையுங்கள். மற்ற எழுத்துமுறைகளையும், தமிழ்ப் பெயரையும், மலாய்ப் பெயரையும் பொருள் விளக்கத்தில் சேருங்கள். அக்கம்பக்கத்தில் பத்துப் பேரை அழைத்து, "இதை எப்படித் தேடுவீர்கள்?" என்று எழுதிக் காட்டச் சொல்லுங்கள். வாங்குபவர்களும் ஒருமுறை தேடிக் கிடைக்காவிட்டால், எழுத்தை மாற்றி இன்னொரு முறை தேடிப் பாருங்கள்.

சீட்டைப் பார்த்து நம் மனத்தை அறிந்த கடைக்காரர் இன்று இல்லை. அவர் செய்த ஊகத்தை இனி விற்பவரே முன்கூட்டிச் செய்ய வேண்டும்.