எல்லாக் கால்களும் நேரானவையா?

முதுமையில் பலரை வாட்டும் நோய்களுள் ஒன்று முழங்கால் மூட்டுத் தேய்மானம். எலும்பின் முனையை மூடியிருக்கும் குருத்தெலும்பு தேய்ந்துவிட்டால், எலும்புகள் ஒன்றோடொன்று உரசும், நடப்பதே வேதனையாகிவிடும். மருந்தும் உடற்பயிற்சியும் பலனளிக்காதபோது, மருத்துவர்கள் தேய்ந்த பகுதியை நீக்கி, உலோகமும் பிளாஸ்டிக்கும் கொண்ட செயற்கை மூட்டைப் பொருத்துகின்றனர்.

அதை எந்தக் கோணத்தில் பொருத்துவது? இடுப்பு மூட்டு, முழங்கால், கணுக்கால் ஆகியவற்றின் மையங்கள் ஒரே நேர்க்கோட்டில் அமைய வேண்டும் என்பதே நெடுங்கால வழக்கம். அப்போதுதான் உடல் எடை மூட்டின் இருபுறமும் சமமாகப் பரவும். செயற்கை மூட்டும் நீண்டகாலம் உழைக்கும் என்று கருதினர்.

எனினும், சிகிச்சை பெற்றோரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் முழு மனநிறைவு அடைவதில்லை. இந்நிலையில், 2012இல் வெளிவந்த பெல்ஜிய ஆய்வு ஒன்று மருத்துவர்களைச் சிந்திக்க வைத்தது. நலமாக இருந்த 250 இளையர்களின் கால்களை ஆய்வாளர்கள் அளந்தனர். ஆண்களில் 32 விழுக்காட்டினருக்கும் பெண்களில் 17 விழுக்காட்டினருக்கும் முழங்கால்கள் இயல்பாகவே 3 பாகையோ அதற்கு மேலோ வெளிப்புறம் வளைந்திருந்தன. அத்தகைய காலை நேராக்கினால், அதைச் சுற்றியுள்ள தசைநார்களின் இயல்பான இறுக்கம் மாறிவிடும்.

எனவே, ஒவ்வொருவரின் இயற்கையான கோணத்திற்கேற்ப மூட்டைப் பொருத்தும் முறையைச் சில மருத்துவர்கள் பின்பற்றுகின்றனர். எம்முறை அதிகப் பயன் தரும் என்பது குறித்து ஆய்வுகள் தொடர்கின்றன. ஒரே அளவுச் சட்டை எல்லாருக்கும் பொருந்தாததுபோல, ஒரே கோணமும் எல்லாருக்கும் பொருந்தாமல் போகலாம்.